பிஎச்டி தனி ஆள் வேலையா? உயிரியல் ஆய்வு மாணவர்களுக்கு

வாசகர் கேள்வி, 8 ஜூன் 2025

அக்கா, விலங்கியலில் பிஎச்டி முதலாமாண்டு. மாநிலப் பல்கலைக்கழகம். ஏடிஸ் கொசுவில் வேலை. லேபில் நானும் ஒரு சீனியர் அண்ணனும் மட்டும்தான். ஜர்னல் கிளப் (ஆய்வுக் கட்டுரையைச் சேர்ந்து படித்துப் பேசுகிற கூட்டம்) கிடையாது. செமினார் வருஷத்துக்கு ஒன்று நடந்தால் உண்டு. என்னோடு எம்எஸ்சி படித்தவன் பெங்களூரில் சேர்ந்திருக்கிறான், வாரம் மூன்று பேச்சு கேட்கிறான். கைடிடம் இதைச் சொன்னேன். "பேசிக்கொண்டே இருக்கிறவன் தீசிஸ் எழுத மாட்டான். பிஎச்டி தனி ஆள் வேலை" என்றார். அவர் சொல்வது சரிதானா? இல்லை, நான் எதையாவது இழக்கிறேனா?

8 ஜூன், இரவு

தம்பி, பாதி சரி. உன் தீசிஸை வேறு யாரும் எழுதித் தரப்போவதில்லை. மீதிப் பாதியை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஏன் என்று சொல்ல என் இரண்டாம் வருஷக் கதை ஒன்றைச் சொல்கிறேன்.

நான் பழ ஈயில் வேலை பார்த்தேன். கலப்புச் செய்ய, அதாவது நாம் தேர்ந்தெடுத்த ஆணோடு இணை சேர்க்க, இன்னும் இணை சேராத பெண் ஈ வேண்டும். உறையிலிருந்து வெளிவந்து எட்டு மணி நேரம் ஆவதற்குள் எடுத்துவிட்டால் நம்பலாம். அதுவும் 25 டிகிரியில் வைத்திருந்தால் இந்தக் கணக்கு. எங்கள் மகளிர் விடுதிக் கதவை இரவு ஒன்பதரைக்குப் பூட்டுவார்கள், காலை ஆறுக்குத் திறப்பார்கள். கடைசியாகப் பாட்டிலைத் தட்டிக் காலி செய்துவிட்டு ஒன்பதுக்குக் கிளம்பினால், மறுபடி மைக்ராஸ்கோப் முன்னால் உட்காரக் காலை ஆறரை ஆகிவிடும். ஒன்பதரை மணி நேரம். எட்டுக்கு மேல் ஒன்றரை மணி நேரம் அதிகம். பையன்கள் இரவு இரண்டு மணிக்கு எழுந்து வந்து எடுத்துக்கொள்வார்கள். எனக்கு அந்த வழி இல்லை.

மூன்று வாரம் என் கலப்புகளில் வரக்கூடாத கண் நிறத்தோடு ஈக்கள் வந்தன. கைடு நான் கவனமில்லாமல் செய்கிறேன் என்றே நினைத்தார். எனக்கும் அப்படித்தான் தோன்ற ஆரம்பித்தது. ஒரு நாள் டீக்கு நின்றபோது பக்கத்து லேப் அக்கா ஒருத்தர் "முகம் ஏன் இப்படி இருக்கிறது?" என்று கேட்டார். சொன்னேன். டம்ளரைக் கீழேகூட வைக்காமல், "ராத்திரி போகும்போது பாட்டிலை 18 டிகிரி இன்குபேட்டருக்கு மாற்றிவிட்டுப் போ. குளிரில் எல்லாமே மெதுவாக நடக்கும், பதினாறு மணி நேரம்வரை உனக்கு அவகாசம்" என்றார். முடிந்தது. அடுத்த கலப்பிலிருந்து ஒரு ஈ கூடத் தப்பாக வரவில்லை.

இது ஒன்றும் ரகசியமில்லை. ஈ வளர்ப்புக் கையேடுகளில் இருக்கிறதுதான். ஆனால் அந்தப் பக்கத்தைப் புரட்ட வேண்டும் என்று எனக்குத் தெரியாதே. கதவு பூட்டுகிறார்கள் என்பதை நான் ஹாஸ்டல் பிரச்சினையாகப் பார்த்தேன். வெப்பநிலையால் தீர்கிற பிரச்சினை அது என்று அவர் பார்த்தார். உயிரியலில் கைவேலையில் முக்கால்வாசி இப்படி ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் காதுக்குப் போவதுதான். அந்தக் காதும் வாயும் உனக்குக் கிடைக்கவில்லை என்றால், ஆமாம், நீ இழக்கிறாய்.

9 ஜூன்

விட்டுப்போனது. அந்த அக்கா என் லேப் இல்லை. என் துறையே இல்லை, அவர் நரம்பியல். உன் லேபில் இரண்டு பேர்தான் என்றால் அடுத்த கதவைத் தட்டு. தாவரவியல், நுண்ணுயிரியல், உயிர்வேதியியல், எதுவானாலும் சரி. பிசிஆர் எடுக்கிறவன் எந்தத் துறையில் இருந்தாலும் பிசிஆர் எடுக்கிறவன்தான்.

13 ஜூன்

"இரண்டு பேரை வைத்து ஜர்னல் கிளப் நடத்த முடியுமா?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். முடியும். நான் நடத்தியிருக்கிறேன். கோவிட் சமயத்தில் விடுதியில் அடைந்து கிடந்தபோது நாங்கள் இரண்டு பேர் மட்டும் எட்டு மாதம் விடாமல் செய்தோம். மாண்ட்ரியாலில் வில்லியம் ஆஸ்லர் என்ற மருத்துவர் 1875இல் ஆரம்பித்ததுதான் முதல் ஜர்னல் கிளப். விலை அதிகமான சஞ்சிகைகளை ஆளுக்கொரு பங்கு போட்டு வாங்கிப் படிக்க ஆரம்பித்ததுதானாம். அன்றைக்கும் தேவைதான் காரணம்.

நாங்கள் செய்த முறையைச் சொல்கிறேன். பவர்பாயின்ட் கிடையாது. கட்டுரையின் படங்களை மட்டும் அச்செடுத்துக்கொள்வோம். சுருக்கம், முடிவுரை இரண்டையும் முதலில் படிக்கக் கூடாது. முதல் படத்தை நடுவில் வைத்து, "இங்கே என்ன செய்திருக்கிறார்கள், கன்ட்ரோல் எது, எத்தனை முறை செய்தார்கள்" என்று மூன்றே கேள்வி. பதில் கிடைத்த பிறகுதான் அடுத்த படம். ஒரு மணி நேரத்தில் இரண்டு படம்தான் முடியும், பரவாயில்லை. ஒரு தடவை ஒரு வெஸ்டர்ன் பிளாட்டை (புரதங்களைப் பட்டைகளாகக் காட்டுகிற படம்) நாற்பது நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தோம். எல்லா மாதிரியும் ஒரே அளவு போட்டதா என்று சரிபார்க்கிற லோடிங் கன்ட்ரோல் பட்டை வேறு ஜெல்லிலிருந்து எடுத்தது என்று கடைசியில் அவள் கண்டுபிடித்தாள். படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் அவர்களே எழுதியும் இருந்தார்கள். அன்றைக்குப் பிறகு என் சொந்த ஜெல்லை நான் பார்க்கிற விதமே மாறிப்போனது.

கட்டுரை கிடைக்காது என்று சொல்லாதே. பயோஆர்க்கைவ் தளம் 2013 முதல் இருக்கிறது, அதில் முன்அச்சுகள் (இதழில் வருவதற்கு முன்பே போடுகிற கட்டுரைகள்) எல்லாம் இலவசம். 2025 ஜனவரியிலிருந்து 'ஒரே நாடு ஒரே சந்தா' வந்துவிட்டது. அரசு நடத்தும் 6,300க்கு மேற்பட்ட நிறுவனங்களுக்குச் சுமார் 13,000 இதழ்கள். மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும் உண்டு. உங்கள் நூலகரிடம் போய் லாகின் கேள். என் கல்லூரிக்குப் பக்கத்துப் பல்கலைக்கழக மாணவர்களிடம் விசாரித்தேன், பாதிப் பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை.

14 ஜூன்

திருத்தம். நேற்று ஆஸ்லர்தான் முதல் என்று எழுதினேன். லண்டன் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனைப் பக்கத்தில் ஒரு பேக்கரிக்கு மேல் சின்ன அறையில் மாணவர்கள் கூடி இதழ்கள் படித்ததாக ஜேம்ஸ் பேஜட் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார் என்று ஒரு மருத்துவ மாணவி சுட்டிக்காட்டினார். அது 1800களின் நடுப்பகுதி, ஆஸ்லருக்கு முந்தியது. முறையாக அமைத்து நடத்தியது ஆஸ்லர் என்று வேண்டுமானால் சொல்லலாம். எனக்கு அந்த பேக்கரி மாடி அறையை ரொம்பப் பிடித்துவிட்டது. சஞ்சிகை படிக்க ஒரு மாடி அறையும் கீழே ரொட்டி வாசனையும் போதும்.

21 ஜூன்

தம்பி மறுபடி எழுதியிருக்கிறான். கூட்டம் பற்றி அல்ல. அவன் கொசுப் புழுக்கள் மூன்றாம் பருவத்துக்கு வந்ததும் கொத்தாகச் செத்துப்போகின்றனவாம். மூன்று மாதமாக இதே கதை. தண்ணீரை மாற்றிப் பார்த்தான், தட்டை மாற்றிப் பார்த்தான். "பூச்சிக்கொல்லி மிச்சம் இருக்கும்" என்கிறாராம் கைடு.

நான் ஈக்காரி, கொசு எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். என்ன தீனி, எவ்வளவு, தட்டில் எத்தனை புழு என்று அவனும் எழுதட்டும்.

23 ஜூன்

பார்த்தீர்களா! இரண்டே நாள்.

அவன் எழுதியது: நாய் பிஸ்கட் பொடியும் ஈஸ்டும் மூன்றுக்கு ஒன்று, தினமும் காலையில் ஒரு ஸ்பூன். கொசு ஒழிப்பு ஆய்வில் இருபது வருஷமாக இருக்கும் ஒருவர் உடனே திருப்பிக் கேட்டார்: "தண்ணீருக்கு மேல் ஆடை படிகிறதா?" படிகிறது. "பால் காய்ச்சினால் மேலே ஆடை வருமே, அப்படியா?" அப்படியே. "தீனி அதிகம். மிச்சம் அழுகி மேலே படலம் கட்டுகிறது. புழு வாலை மேலே நீட்டித்தான் மூச்சு விடுகிறது, அந்தப் படலம் அடைத்துவிடும். ஸ்பூனைத் தூக்கிப் போடு. முதல் பருவத்துக்கு ஒரு சிட்டிகை, அப்புறம் நேற்று போட்டது தீர்ந்துவிட்டதா என்று பார்த்து இன்றைக்குப் போடு. தண்ணீர் கலங்கினால் அன்றைக்குப் பட்டினி."

அந்த 'ஆடை படிகிறதா' என்ற கேள்வியை மறுபடி பாருங்கள். கண்ணால் பார்க்காமலே தட்டைப் பார்த்துவிட்டார். இப்படி ஆயிரம் தட்டு பார்த்த ஆள் உன் ஊரில் இல்லாமல் இருக்கலாம், உன் மாநிலத்தில் நிச்சயம் இருப்பார். எப்படிக் கேட்பது என்பதையும் கற்றுக்கொள்ள வேண்டும். "புழு சாகிறது" என்று மட்டும் எழுதியிருந்தால் இந்தப் பதில் வந்திருக்காது. என்ன, எவ்வளவு, எப்போது என்று அளவோடு எழுதினான், அதனால் வந்தது.

6 ஜூலை

முதல் நாள் டீ நேரத்தை ரொம்பப் புகழ்ந்துவிட்டேன். இரண்டு வாரமாக அது உறுத்துகிறது. மாற்றிச் சொல்கிறேன்.

பெங்களூரில் எங்கள் டீக் கூட்டம் இந்தியில் பேசும். எனக்கு அப்போது இந்தி வராது. நாகாலாந்திலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கும் வராது. நாங்கள் இரண்டு பேரும் ஓரமாக நிற்போம், எல்லோரும் சிரிக்கும்போது சிரிப்போம். ஆறு மாதம் அப்படி. மாலை ஆறு மணிக்கு மேல்தான் பேச்சு சூடு பிடிக்கும். குழந்தை வைத்திருந்த ஒரு அக்கா ஐந்தேகாலுக்கு பஸ் பிடிக்க ஓடுவார், அவருக்கு அது எதுவுமே கிடைக்கவில்லை. யார் யாரோடு சேர்ந்து கட்டுரை எழுதுவது என்பதெல்லாம் சில இடங்களில் சிகரெட் மூலையில்தான் முடிவாகும். அங்கே நாங்கள் போய் நிற்க முடியுமா?

காசும் ஒரு விஷயம். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுதி ஜேஆர்எஃப் உதவித்தொகை வாங்கினவருக்கு 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000. மத்தியப் பல்கலைக்கழகத்தில் நெட் இல்லாமல் இருப்பவருக்கு 8,000. மாநிலப் பல்கலைக்கழகங்களில் ஒரு ரூபாய் இல்லாமல் ஆய்வு செய்கிறவர்கள் நிறைய. மூவரும் ஒரே கேன்டீனில் உட்கார்ந்தால் ஒருவர் மட்டும் "எனக்கு வேண்டாம், இப்போதுதான் குடித்தேன்" என்பார். அந்த வார்த்தையை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். கேட்டு, நம்பியும் இருக்கிறேன். அதை நினைத்தால் இப்போது வருத்தமாக இருக்கிறது.

ஆகவே தம்பி, நீ ஆரம்பிக்கிற கூட்டத்தைப் பகலில் வை. பதினொன்றரை நல்ல நேரம். துறைக்குள்ளேயே ஒரு அறையில் வை. டீ வேண்டும் என்றால் லேபிலேயே ஃபிளாஸ்க்கில் கொண்டுவந்து எல்லோருக்கும் ஊற்று (ரசாயனம் புழங்காத அறையாகப் பார்!). எல்லோருக்கும் வருகிற மொழியில் பேசு. தமிழில் பேசினால் பயமில்லாமல் கேள்வி கேட்பார்கள் என்பது என் அனுபவம். எழுதும்போது ஆங்கிலத்துக்குப் போய்க்கொள்ளலாம்.

20 ஜூலை

"சேர்ந்து வேலை செய்வதால் நிஜமாக ஏதாவது பெரிய கண்டுபிடிப்பு வந்திருக்கிறதா, இல்லை மனசுக்கு ஆறுதல் மட்டும்தானா?" என்று ஒருவர். நியாயமான கேள்வி.

ஈக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த அறை ஒன்று இருக்கிறது. நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மரபியல் அறிஞர் தாமஸ் ஹன்ட் மார்கனின் ஈ அறை. பதினாறடிக்கு இருபத்து மூன்றடி. நம் ஊர்க் கல்யாண மண்டபத்துப் பந்திக் கூடத்தில் ஒரு மூலைக்குக்கூடக் காணாது. அதற்குள் எட்டு மேஜை, பால் பாட்டிலில் ஈ, தீனிக்கு வாழைப்பழம். 1911இல் ஸ்டர்டிவன்ட் என்ற பையன், இளங்கலை மாணவன், மார்கனோடு பேசிக்கொண்டிருந்தபோது, ஜீன்கள் பிரிந்துபோகிற விகிதத்தை வைத்தே அவை குரோமோசோமில் எந்த வரிசையில் இருக்கின்றன என்று சொல்லிவிடலாமே என்று தோன்றியிருக்கிறது. வீட்டுக்குப் போய், வீட்டுப்பாடத்தை ஓரம் கட்டிவிட்டு, ராத்திரியோடு ராத்திரியாக உலகத்தின் முதல் மரபணு வரைபடத்தைப் போட்டுவிட்டான். 1913இல் அச்சானது. எந்த யோசனை யாருடையது என்று அந்த அறையில் பெரிதாகக் கணக்குப் பார்க்கவில்லை என்று பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார்.

பேச்சில் பொறி, தனியாக ஒரு ராத்திரி. உன் கைடு சொல்கிற 'தனி ஆள் வேலை' அந்த ராத்திரிதான் தம்பி. அவர் சொன்னது பொய்யில்லை. அதற்கு முந்தின பேச்சை விட்டுவிட்டார்.

21 ஜூலை

"அது அமெரிக்கா" என்று இரண்டு பேர். சரி, கிண்டிக்கு வருவோம்.

1952இல் பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜே. டி. பெர்னல் சென்னைக்கு வந்தபோது, கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பு இன்னும் பிடிபடவில்லை என்று ஜி. என். ராமச்சந்திரனிடம் பேச்சில் சொல்லியிருக்கிறார். அப்போது ராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவர், வயது முப்பது. கொலாஜனுக்கு எங்கே போவது? பக்கத்திலேயே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம். தோல் என்றாலே கொலாஜன்தானே. கங்காரு வால் தசைநார் வரை அங்கிருந்து கிடைத்திருக்கிறது. 1954இல் கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து முச்சுருள் அமைப்பை வெளியிட்டார். விருந்தாளி சொன்ன ஒரு வாக்கியம், பக்கத்து நிறுவனம் கொடுத்த சாமான், கூட ஒரு ஆள். உன் பல்கலைக்கழகத்தில் இந்த மூன்றில் எது இல்லை? விருந்தாளி வந்தால் மேடைப் பேச்சு முடிந்ததும் பொன்னாடை போர்த்தி, சாப்பாடு போட்டு, காரில் ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள். அந்த மதியம் அரை மணி நேரத்தை மாணவர்களுக்குக் கேட்டு வாங்குங்கள். ஆசிரியர்கள் இல்லாமல், மாணவர்களும் அவரும் மட்டும். என் கல்லூரியில் இப்போது இதை விதியாகவே வைத்திருக்கிறோம்.

9 ஆகஸ்ட்

"யோசனையைச் சொன்னால் திருடிவிடுவார்களே?" இது நாலாவது தடவை வருகிறது.

எனக்கு நடந்திருக்கிறது. ஒரு மாநாட்டில் என் போஸ்டர் முன்னால் நின்று இருபது நிமிஷம் கேட்ட ஒருவரின் லேபிலிருந்து, ஒன்றரை வருஷம் கழித்து அதே சோதனை அச்சில் வந்தது. பெயர் வேண்டாம். அவர்கள் முன்பே ஆரம்பித்திருக்கவும் கூடும், எனக்கு நிரூபிக்க வழியில்லை. ஒரு வாரம் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் அதே போஸ்டர் முன்னால் நின்ற இன்னொருவர்தான் எனக்கு வேண்டிய ஈ வகையைத் தபாலில் அனுப்பினார். அது இல்லாமல் என் மூன்றாவது அத்தியாயமே இல்லை. இரண்டையும் தராசில் வைத்துப் பார்த்தால், சொன்னதற்காக நான் வருந்தவில்லை.

ஈக்காரர்கள் இதற்கு 1934இலேயே ஒரு வழி கண்டார்கள். பிரிட்ஜஸ், டெமரெக் என்ற இரண்டு மரபியலாளர்கள் சேர்ந்து 'டிரோசோஃபிலா தகவல் சேவை' (டிரோசோஃபிலா என்றால் பழ ஈ) என்று ஒரு வெளியீடு ஆரம்பித்தார்கள். யாரிடம் எந்த ஈ இருக்கிறது, எந்தத் தீனி சரிப்பட்டது, அச்சுக்குப் போகாத சின்ன முடிவுகள் என எல்லாம் அதில் வரும். எழுதினவர் அனுமதி இல்லாமல் எடுத்துக் கட்டுரையில் போடக் கூடாது என்பது வழக்கம். பகிர்வும் உண்டு, வரப்பும் உண்டு.

எனவே: கையில் தரவு இருப்பதை எல்லோரிடமும் சொல். தொந்தரவு எங்கே என்பதை எல்லோரிடமும் சொல். அடுத்த வருஷம் செய்யப்போவதை நம்புகிறவர்களிடம் மட்டும் சொல். நோட்டில் தேதி போட்டு எழுது.

10 ஆகஸ்ட்

பயிற்சிகள் பற்றிக் கேட்டவர்களுக்கு, சுருக்கமாக. பெங்களூர் என்சிபிஎஸ் என்ற உயிரியல் ஆய்வு மையத்தில் நடக்கும் நுண்ணோக்கிப் பயிற்சி, இயற்பியலும் உயிரியலும் சேர்ந்த பருவமழைப் பள்ளி, இரண்டுக்கும் வெளி மாணவர்கள் விண்ணப்பிக்கலாம். இந்தியாபயோசயின்ஸ் தளத்தில் பயிற்சி, நிகழ்ச்சி, வேலை அறிவிப்பு எல்லாம் வரும், வாரம் ஒருமுறை பார். காணொளிக்கு ஐபயாலஜி. கண்டுபிடித்தவர்களே தங்கள் வேலையைச் சொல்கிறார்கள், இலவசம். தமிழ்நாட்டுத் தீசிஸ்கள் ஷோத்கங்காவில் கிடக்கின்றன. உன் தலைப்பில் யார் எங்கே செய்தார்கள் என்று அதில் தேடி, அவர்களுக்கு மெயில் போடு. அந்தக் கொசு ஐயாவைப் போன்றவர்கள் அங்கேதான் அகப்படுவார்கள்.

விண்ணப்பத்தில் 'ஏன் இந்தப் பயிற்சி வேண்டும்' என்ற பகுதியில் ஆர்வம், கனவு என்று எழுதாதே. "என் புழுவின் குடலைப் படமெடுக்க வேண்டும், எங்களிடம் கன்ஃபோகல் மைக்ராஸ்கோப் இல்லை, திரும்பிவந்து எட்டு பேருக்குச் சொல்லித் தருவேன்" என்று எழுது. சில விண்ணப்பங்களைப் படித்துத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் நானும் இருந்திருக்கிறேன். இப்படி எழுதியதுதான் கண்ணில் நிற்கும்.

10 ஆகஸ்ட், சற்று நேரம் கழித்து

லேப் உதவியாளர்களை விட்டுவிட்டேனே. எங்கள் ஈத் தீனி சமைத்த அண்ணன் பெரிய அண்டாவில் சோளமாவு, சர்க்கரை, ஈஸ்ட், அகர் போட்டுக் கிண்டுவார். மரக்கரண்டியைத் தூக்கி, அதிலிருந்து வழிகிற வேகத்தைப் பார்த்தே மழைக்காலத் தீனி, வெயில்காலத் தீனி என்று தண்ணீரைக் கூட்டிக் குறைப்பார். என் பாட்டில்களில் சிற்றுண்ணி ஏறியதை எனக்கு முன்னால் கண்டுபிடித்தது அவர்தான். பஞ்சு மூடியில் மாவு படிந்த மாதிரி இருக்கிறதே என்று எடுத்துக் காட்டினார். என் தீசிஸ் நன்றியுரையில் கைடு பெயருக்கு அடுத்து அவர் பெயர்.

7 செப்டம்பர்

இதை எழுதுவதா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன்.

என் பேட்ச்சில் ஒருவன் நான்காம் வருஷம் வராமலே போய்விட்டான். சண்டை இல்லை, தோல்வி இல்லை. அவன் வேலை செல் கல்ச்சர் (செல்களைத் தட்டில் வளர்ப்பது), தனி அறை, கண்ணாடிக் கதவு. காலை பதினொன்றுக்கு வந்துகொண்டிருந்தவன் மதியம் வர ஆரம்பித்தான், பிறகு மாலை, பிறகு இரவு. நாங்கள் கிளம்பும்போது அவன் வருவான், கையசைப்பான். "வேலை ஜாஸ்தி போல" என்று நாங்கள் பேசிக்கொண்டோம். ஒரு நாள் அறையைக் காலி செய்துவிட்டு ஊருக்குப் போய்விட்டான். இப்போது நன்றாக இருக்கிறான், வேறு வேலை, பேசிக்கொள்கிறோம். "ஆறு மாதம் யாரிடமும் முழுசாக ஒரு வாக்கியம் பேசவில்லை" என்று பிற்பாடு சொன்னான்.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம். கே. சந்திரசேகரன், மாரிமுத்து, ராஜன் மூவரும் 1981இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று அப்போது எனக்கு நினைவுக்கு வந்தது. மதுரைப் பக்கத்துக் குகையில் இலைமூக்கு வௌவால்கள். வெளிச்சமே எட்டாத ஆழத்தில் ஒரு வௌவாலைக் கூண்டில் வைத்தார்கள். சுற்றிலும் கூட்டம் இருந்தவரை, மற்றவை சாயங்காலம் கிளம்புகிற நேரத்தை ஒட்டியே கூண்டுக்குள் இருந்ததும் சுறுசுறுப்பானது. கூட்டம் இல்லாத குகையில் தனியாக வைத்தபோது அதன் கடிகாரம் 24 மணி நேரத்திலிருந்து நழுவிப் போய்க்கொண்டே இருந்தது. மனிதன் வௌவால் இல்லை, தெரியும். ஆனாலும் ஒவ்வொரு வாரமும் தள்ளித் தள்ளி வந்த அவன் நேரத்தை நாங்கள் கண்ணால் பார்த்தோமே. பார்த்தும் கேட்கவில்லை.

2018இல் நேச்சர் பயோடெக்னாலஜியில் வந்த கணக்கெடுப்பு, 26 நாடுகள், 2,279 பேர், பெரும்பாலும் பிஎச்டி மாணவர்கள். மனச்சோர்வும் பதற்றமும் பொது மக்களைவிட ஆறு மடங்குக்கு மேல். தாமாக முன்வந்து பதில் சொன்னவர்களிடம் எடுத்தது, எண்ணை அப்படியே எல்லோருக்கும் பொருத்திவிடக் கூடாது. ஆனால் உன் காரிடாரில் ஒருவர் நேரம் தள்ளித் தள்ளி வருகிறார் என்றால் கணக்கெடுப்பு வேண்டியதில்லை. போய்க் கதவைத் தட்டி "சாப்பிட்டாயா?" என்று கேள். உனக்கே அப்படி இருந்தால் 14416, டெலிமானஸ் மனநல உதவி எண், அரசு நடத்துவது, இலவசம், தமிழில் பேசலாம்.

8 செப்டம்பர்

நேற்றையதற்கு வந்த தனி மடல்கள் எல்லாவற்றையும் படித்தேன். ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதுவேன், கொஞ்சம் நாளாகும்.

12 அக்டோபர்

"இவ்வளவுக்கும் கைடு ஒத்துக்கொள்ளவில்லை என்றால்?"

கைடோடு மோதாதே. அவருக்கும் ஒரு பயம் இருக்கிறது. உன் ஆய்வை மதிப்பிடுகிற டாக்டோரல் கமிட்டியில் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். நீ நேரத்தை வீணாக்குகிறாய் என்று தோன்றினால் அவர் தடுக்கத்தான் செய்வார். அவர் கண்ணுக்கு ஒரு பலனைக் காட்டு. என் கைடு மாறியது எப்போது தெரியுமா? பொங்கல் விடுமுறையில் கரன்ட் போய் வந்து, எங்கள் இன்குபேட்டர் கன்ட்ரோலர் பழுதாகி, மூன்று நாள் உள்ளே வெந்துவிட்டது. திரும்பி வந்து கதவைத் திறந்தால் புளித்த வாடை, பாட்டில் அடியில் கறுப்பாக ஈக்கள். நூற்றுக்கும் மேல் வகைகள். நாங்கள் உடனே பக்கத்து இரண்டு லேபுக்கும் ஓடினோம். மாணவர்களாகவே பேசிவைத்து, ஒவ்வொரு முக்கிய வகைக்கும் ஒரு குப்பியை ஒருவர் லேபில் இன்னொருவர் வைத்திருந்தோம். சாயங்காலத்துக்குள் எண்பத்திரண்டு வகை திரும்பி வந்தது. கைடு தட்டு தட்டாக வந்து இறங்கியதைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் ஜர்னல் கிளப்புக்கு அவரே வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார்.

உன் கைடிடம் அந்தப் புழுத் தட்டைக் காட்டினாயா?

23 நவம்பர்

தம்பி எழுதியதை அப்படியே போடுகிறேன்: "காட்டினேன் அக்கா. ஆடை விஷயத்தை யார் சொன்னது என்று கேட்டார். சொன்னேன். அந்த ஐயாவின் பழைய கட்டுரைகளை அவரே தேடி எடுத்துக் கொடுத்தார். இப்போது செவ்வாய் பதினொன்றரைக்குக் கூடுகிறோம். ஆறு பேர். தாவரவியலில் இருந்து இரண்டு, நுண்ணுயிரியலில் ஒன்று. போன வாரம் நுண்ணுயிரியல் அக்கா, என் தட்டில் படிந்த ஆடையை எடுத்து அகரில் தேய்த்து வளர்த்துப் பார்த்திருக்கிறார். நான்கு விதக் காலனி வந்திருக்கிறது. அது தனி வேலையாகும் போல் இருக்கிறது."

நல்லது. என் எம்எஸ்சி மாணவி ஒருத்தி கொசு வளர்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறாள். டிசம்பர் முதல் இரண்டு வாரம் உங்கள் லேபுக்கு அனுப்பட்டுமா? கடிதம் நான் உன் கைடுக்கே எழுதுகிறேன். மகளிர் விடுதியில் விருந்தினர் அறை கிடைக்குமா, இரவு எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்று மட்டும் கேட்டுச் சொல். முதல் நாள் அவளுக்கு நாய் பிஸ்கட் அளவைக் காட்டிவிடு.